வலேட்டாவில் ஆட்டு மணி கேட்ட மத்தியானம்

எனக்கு எழுபத்து நாலு வயது முடிந்துவிட்டது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். மூன்று என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் நாத்தனார் கண்ணை மூடியபோது என்னிடம் விட்டுவிட்டுப் போனவை. எது எது என்று கேட்டால் நானே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொல்லுவேன். ஐந்தையும் வளர்த்தது பால். வீட்டுக்காரர் பாடியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார், அந்தச் சம்பளம் அரிசிக்குச் சரி. மற்றதெல்லாம் என் மாடுகள் கொடுத்தது. அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் பால்கார குப்பம்மா வீடு எது என்று கேட்டால் பழைய ஆட்கள் இன்றைக்கும் கை காட்டுவார்கள்.

எனக்குப் படிப்பு கிடையாது. முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டதில் பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் கடைசி மகன் வயிற்றுப் பேத்தி சுபா எழுதுகிறாள். நான் பேசுகிற பேச்சை அப்படியே எழுதினால் யாரும் அச்சில் போடமாட்டார்களாம், அவளே திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும். ஆனால் நான் சொல்லாத ஒரு வார்த்தையையும் சேர்க்கக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பேய், பிசாசு, காற்று, கருப்பு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். விடியும் முன்னாலேயே மாட்டை ஓட்டிக்கொண்டு சுடுகாட்டை ஒட்டின பாதையில் தனியாகப் போய் வந்தவள் நான். ஒரு தடவை வெள்ளையாக ஒன்று ஆடிக்கொண்டு நின்றது, மாடு கூட மிரண்டது, கிட்டே போய்ப் பார்த்தால் யாரோ வேலியில் போட்டு மறந்துபோன வேட்டி. மடித்து எடுத்து வந்து மாட்டுக்கு மடி துடைக்க வைத்துக்கொண்டேன். அப்படிப்பட்டவள் சொல்வதை நீங்கள் நம்பவில்லை என்றாலும் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் மூத்த மகன் ஆவடியில் டாங்கி பாக்டரியில் வேலை பார்த்தவன். அவன் மகள் கவிதா நர்ஸ் படித்து மால்டா என்கிற தீவில் வேலைக்குப் போனாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் மூன்று வயதுப் பெண் யாழினியும் வலேட்டா என்ற ஊரில் குடியிருக்கிறார்கள். ஆயா ஒரு தடவை வந்து ஊரைச் சுற்றிப் பார்த்தே ஆக வேண்டும் என்று போனில் நச்சரித்து, டிக்கெட் போட்டு, ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்து என்னை வரவழைத்துவிட்டாள். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் அதில் உட்கார்ந்தால் வரிசையில் நிற்க வேண்டாம் என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று பக்கம் கடல், ஊரைச் சுற்றிக் கோட்டை மதில், வீடு, கோயில், படிக்கட்டு எல்லாம் ஒரே கல்லில் கட்டினது, அந்தக் கல் சுண்டக் காய்ச்சின பால் நிறம். சாயங்கால வெயில் பட்டால் அப்படியே திரட்டுப்பால்தான். வீட்டு மாடிகளில் மரத்தால் பெட்டி பெட்டியாக பால்கனி, பச்சையும் சிவப்பும் அடித்து, ரயில் பெட்டியைக் கழற்றிச் சுவரில் ஒட்டினது மாதிரி. தெருவெல்லாம் படிதான். மேலேயிருந்து பார்த்தால் படி இறங்கி இறங்கிக் கடலில் போய் முடிகிறது.

கவிதா லீவு போட்டு எல்லாம் காட்டினாள். ஒரு பெரிய சர்ச், உள்ளே பார்க்கிற இடமெல்லாம் தங்கம், ஆனால் தரை முழுக்கச் சமாதி. பேர் வெட்டி, மண்டை ஓடு வரைந்து வைத்திருக்கிறார்கள், அதன் மேலேயே எல்லாரும் மிதித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஆயா, இங்க யாரும் கழட்ட மாட்டாங்க, எல்லாம் நம்மளயே பாக்கறாங்க பாரு" என்றாள் கவிதா.

"பாக்கட்டும். கீழ படுத்துகினு கீறவங்களும் பாப்பாங்க இல்ல" என்றேன். காவலுக்கு நின்ற ஆள் என்னைப் பார்த்து லேசாகத் தலையைக் குனிந்தான்.

தினமும் உச்சிக்குக் கோட்டை மேலேயிருந்து ஒரு பீரங்கி வெடிப்பார்கள். பழைய காலத்து வழக்கமாம், இப்போது டூரிஸ்டுகள் கூடி நின்று பார்க்கிறார்கள். எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள், எனக்கு ஒன்றும் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் மகன் வீட்டில் எத்தனை நாள் தங்கியிருக்கிறேன், டாங்கி ஓட்டிப் பார்க்கிற சத்தத்தில் தூங்கினவள். ஆனால் அந்த வெடிக்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் புதுசு. பெரிய கடைத்தெருவில் டூரிஸ்டு கூட்டம் இருக்கும், மற்றபடி உள்தெருக்களில் கொஞ்ச நேரத்தில் கடையெல்லாம் சாத்திவிடுவார்கள், ஜன்னல் மூடிவிடும், ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான். உச்சிப் பொழுதில் வெளியே சுற்றாதே என்று நம் பக்கம் பிள்ளைகளை மிரட்டுவோம் இல்லையா, அங்கே ஊரே அதற்குக் கட்டுப்பட்டு நடக்கிற மாதிரி இருந்தது.

லீவு முடிந்து கவிதா டியூட்டிக்குப் போன முதல் நாள். அவள் வீட்டுக்காரருக்கு ஹோட்டல் கிச்சனில் வேலை, அவரும் போய்விட்டார். நானும் யாழினியும்தான். "ஆயா, வெயில்ல எங்கியும் போவாதே, இன்னா?" என்று படியிறங்கும்போது கூடச் சொல்லிவிட்டுப் போனாள் கவிதா.

அந்தக் குழந்தைக்குப் பால் என்றாலே ஆகாது. அட்டைப் பெட்டியில் வருகிற பால், திறந்தால் ஒரு வாசனையும் இல்லை. நான் குடித்துப் பார்த்தேன், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருந்தது, குழந்தையைக் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் கள்ளிக்குப்பத்திலிருந்து நான் கொண்டுபோன, அவள் பேர் வெட்டின எவர்சில்வர் டம்ளரை அவள் கையில் கொடுத்து, பாலைக் காய்ச்சச் சமையலறைக்குப் போனேன். பீரங்கி வெடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டது.

சர்ச் மணி இல்லை. கழுத்து மணி. ஒன்று இரண்டு இல்லை, ஒரு மந்தைக்கு. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. இந்தக் கல் ஊரிலும் யாரோ ஆடு மாடு வைத்திருக்கிறார்களே என்று அடுப்பு முன்னாலேயே நின்று சிரித்துக்கொண்டேன். பிறகு "யாழு, ஆடு பாரு, ஆடு" என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்கு வந்தால் குழந்தை இல்லை. வாசல் கதவு திறந்திருக்கிறது.

அடுப்பை அணைத்தேனா என்று கூட ஞாபகம் இல்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்தேன். மேலே பார்த்தாலும் படி, கீழே பார்த்தாலும் படி, கீழே முடிகிற இடத்தில் கடல் பளபள என்று அடிக்கிறது. யாழு, யாழு என்று கத்தினேன். என் குரல் சுவரில் மோதி என்னிடமே வந்தது. ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. யாரைக் கேட்பேன், எந்தப் பாஷையில் கேட்பேன். கவிதாவுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. என்னை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கடல் பக்கம் ஓடுவதா, மேலே ஏறுவதா என்று தெரியாமல் அந்தக் கொதிக்கிற கல்லில் வெறுங்காலோடு நின்றேன்.

நின்றதும் மணி மறுபடியும் கேட்டது. இப்போது சத்தம் மாறியிருந்தது. ஆடு நடக்கும்போது மணி ஒரு மாதிரி அடிக்கும், நின்ற இடத்தில் நின்று தலையை ஆட்டும்போது வேறு மாதிரி அடிக்கும். மாடு மேய்த்தவர்களுக்கு இது தெரியும். மந்தை எங்கேயோ நின்றுவிட்டது. மூன்று வயதுக் குழந்தை ஆட்டைப் பார்த்தால் எங்கே போகும்? ஆட்டுப் பின்னால்தான் போகும். கடலை விட்டுவிட்டு மணியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் ஓடினேன்.

அடுத்த சந்தில் ஒரு உயரமான பழைய கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே ஜில்லென்று இருட்டு, கல் படிக்கட்டு வளைந்து மேலே போகிறது. முதல் மாடித் திருப்பத்தில் ஆடுகள். கறுப்பும் செம்பட்டையுமாக நீள மயிர், தொங்குகிற காது, ஒவ்வொன்றுக்கும் மடி தரையைத் தொடுகிற மாதிரி. நடுவில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருந்தாள். மழையில் நாற்று நடும்போது கோணியைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொள்வோமே, அந்த மாதிரி கறுப்புத் துணியில் பெரிதாக ஒன்று போட்டிருந்தாள். அவளுக்கு எதிரே படியில் யாழினி, ஜம்மென்று.

எனக்கு உயிர் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். அந்தப் பெண் குழந்தை கையிலிருந்த டம்ளரை வாங்கி, கவிழ்த்துக் காட்டினாள். இதை நான் சொன்னால் பால்காரர்களுக்குத்தான் புரியும். நாங்கள் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிப்போய்க் கறப்போம். கறப்பதற்கு முன்னால் செம்பைக் கவிழ்த்துக் காட்டுவோம், அடியில் தண்ணீர் இல்லை பாருங்கள் என்று. எத்தனை வாசலில் கவிழ்த்திருக்கிறேன் நான். அதே கை, அதே திருப்பு. குழந்தை சிரித்தது. அவள் முதல் பீய்ச்சைத் தரையில் விட்டாள், அதுவும் எங்கள் வழக்கம்தான், பிறகு டம்ளர் நிறையக் கறந்தாள். நல்ல கை. நுரை கட்டி நின்றது.

யாழினி இரண்டு கையையும் நீட்டினாள். அந்தப் பெண் கொடுக்கவில்லை. டம்ளர் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். இன்னொரு கையை எடுத்துக் குழந்தை நெற்றியில் வைத்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு விரல்களைக் குவித்து மேலே மேலே ஆட்டிக் காட்டினாள். தீ. டம்ளரைக் காட்டினாள், மறுபடியும் தீ.

பாலைக் காய்ச்சு என்று எனக்குச் சொல்கிறாள். நம்பினால் நம்புங்கள், அந்த இடத்தில் எனக்குப் பயம் வரவில்லை, ரோஷம்தான் வந்தது. ஐந்து பிள்ளை வளர்த்தவளுக்கு, ஊருக்கே பால் ஊற்றினவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளே என்று.

"எனுக்குத் தெரியாதாம்மா? பச்சப் பாலு யார்னா கொழந்தைக்குக் குடுப்பாங்களா? காச்சித்தான் குடுப்பேன்" என்றேன் தமிழிலேயே.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன புரிந்ததோ, டம்ளர் மேலிருந்து கையை எடுத்தாள்.

நான் டம்ளரை ஒரு கையிலும் குழந்தையை இடுப்பிலுமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கீழே வாசலுக்கு வந்தபிறகுதான் குழந்தையின் ஒரு செருப்பு காலில் இல்லை என்று பார்த்தேன். மறுபடியும் ஏறினேன். செருப்பு படியில் இருந்தது. ஆடு ஒன்று கூட இல்லை. அவளும் இல்லை. மேல் மாடிக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். குனிந்து செருப்பை எடுக்கும்போதுதான் எனக்குத் தலைமயிர் சிலிர்த்தது. அத்தனை ஆடு ஏறி நின்ற படிக்கட்டில் ஒரு புழுக்கை இல்லை. ஆடு ஒரு இடத்தில் நின்றால் புழுக்கை போடாமல் நகராது. ஆட்டு வாடையும் இல்லை. முதல் பீய்ச்சு விட்ட தரையைத் தடவினேன், காய்ந்த கல். ஆனால் என் கையிலிருந்த டம்ளர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டேன். அந்தப் பாலைக் கொட்டிவிடலாமா என்று ஒரு மனசு. ஆனால் பாலைக் கொட்டி எனக்குப் பழக்கம் இல்லை. நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், ஓடாமல் முத்தாக நின்றது. நல்ல பால். காய்ச்சினேன், பொங்கி வந்தது, ஆற்றினேன். குழந்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு நக்கியது.

கவிதா வந்ததும் சொன்னேன். முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "வெயிலு மண்டையில ஏறிடுச்சா ஆயா? இந்த ஊர்ல ஏது ஆடு?" என்றாள். பிறகு டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டுக் கார்மென் அம்மாவைக் கூட்டி வந்தாள். எண்பதைத் தாண்டினவள், அந்தத் தெருவிலேயே பிறந்தவள். கவிதா இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அந்த அம்மா என் முகத்தையே பார்த்தாள். எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. குழந்தை குடிப்பதற்கு முன்னால் பாலைக் காய்ச்சினார்களா?

காய்ச்சினேன் என்று சொன்னதும் சிலுவை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதைக் கவிதா எனக்குச் சொன்னாள். அந்த அம்மாவின் பாட்டி காலத்தில் இந்த ஊருக்குப் பால் வந்தது ஆட்டில்தான். மந்தையை வீட்டுப் படிக்கட்டிலேயே ஏற்றி வந்து வாசலில் கறந்து கொடுப்பார்கள், சூட்டோடு அப்படியே குடிப்பார்கள். அந்தப் பாலில் ஒரு காய்ச்சல் இருந்தது. விட்டுவிட்டு வரும், மாசக்கணக்கில் ஆளை உருக்கும். பாலால்தான் வருகிறது என்று ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. குழந்தைகள் போயின. ஆட்டுக்காரர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுத்தார்கள், அவையும் போயின. தெரிந்த பிறகு ஆடுகள் ஊருக்குள்ளே வரவே கூடாது என்று நிறுத்திவிட்டார்களாம். நான் பார்த்த பெண் யார் என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினாள். எத்தனையோ பேர் வந்தார்கள், யாரென்று சொல்வது என்றாள்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயத்தில் இல்லை. பால்காரிக்கு ஒரு கர்வம் உண்டு. வாசலில் வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்தால், இது என் பாலில் வளர்ந்தது என்று மனசு நிறையும். அம்பத்தூர் பக்கம் இன்றைக்கும் பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறார்கள். நான் கொடுத்ததுதான் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோயிற்று என்று ஒருத்திக்குப் பின்னால் தெரிய வந்தால், அவள் எப்படிக் கண்ணை மூடுவாள். வேண்டுமென்று செய்ததா. நல்ல கை அவளுக்கு. தண்ணீர் கலக்காத பால்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கவிதாவைக் கூட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன். பீரங்கி வெடித்த கையோடு போனோம். அதே கதவுதான், ஆனால் பூட்டியிருந்தது, டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடுகிற வீடாம், நம்பர் அமுக்கித் திறக்கிற பூட்டு. நான் கதவுக்கு முன்னால் நின்றேன்.

"காச்சித்தாம்மா குடுத்தேன். கொழந்த நல்லாக் கீது. ஜொரம் கிரம் ஒண்ணுமில்ல. நீ ஊட்டுக்குப் போ" என்றேன்.

கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு கழுத்து மணி கூட அடிக்கவில்லை. நாங்கள் திரும்பிவிட்டோம்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் கள்ளிக்குப்பத்துக்கு வந்தபிறகு, மாடெல்லாம் போய் இப்போது எங்கள் வீட்டிலும் பாக்கெட் பால்தான், மத்தியானம் காபிக்குப் பால் வைத்தால் அது பொங்கி வருகிற நேரத்தில் வெளியே ஒரே ஒரு கழுத்து மணி கேட்கும். எட்டிப் பார்த்தால் தெருவில் ஸ்கூட்டர்தான் நிற்கும். எனக்கு இப்போது பழகிவிட்டது. காச்சியாச்சும்மா என்று சத்தமாகச் சொல்லுவேன், நின்றுவிடும். அவள் வீட்டுக்குப் போகவில்லை, என்னோடு வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். இரண்டு பால்காரிகளுக்கு இந்த வீட்டில் இடம் இல்லாமல் போய்விடாது.

போன மாசம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அதுவரைக்கும் நான் அவளைப் பற்றிக் கள்ளிக்குப்பத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. சுபா காலேஜிலிருந்து வந்தவள் பாக்கெட்டைக் கத்தரித்துப் பச்சைப் பாலையே டம்ளரில் ஊற்றினாள். பாக்கெட் பாலைக் காய்ச்ச வேண்டியதில்லை ஆயா, கம்பெனியிலேயே காய்ச்சித்தான் வருகிறது என்றாள். நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன், எழுந்திருக்கக் கூட இல்லை. அவள் வாயில் வைப்பதற்குள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆயா, நீ இப்ப என் நெத்தியில கை வெச்சியா?"

நான் இல்லை என்றேன். பிறகுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தாள்.

சுபா, இந்த இடம் வந்ததும் ஏன் நிறுத்திவிட்டாய்? நெற்றியில் கை வைத்தேனா என்று நீ கேட்டதையும் எழுதினாயா, விட்டுவிட்டாயா? எழுதினால்தான் இது முழுசு. சரி, பயப்படாதே, இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார். முதலிலிருந்து படி கண்ணு, நிதானமாகப் படி, எங்கள் ரெண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.